ஜிலேபிக் குஞ்சுக்குக் கொடுப்பது வளர்ச்சி ஹார்மோனா?

மீன் பண்ணைகளில் ‘ஹார்மோன்’ என்ற ஒரே சொல் மூன்று வேறு பொருள்களுக்குப் பெயராகப் புழங்குகிறது. சினைமீன் முட்டையிடுவதற்காகப் போடும் ஊசி முதலாவது. ஜிலேபி என்று நாம் சொல்லும் திலேப்பியா மீனின் குஞ்சுகளை எல்லாம் ஆணாக்குவதற்குத் தீவனத்தில் கலப்பது இரண்டாவது. வளர்ச்சி ஹார்மோன் என்ற பெயருக்கு உண்மையில் உரியது மூன்றாவது. குளத்து வளர்ப்பில் வழக்கத்துக்கு வராமலே போனதும் அதுதான். சந்தையில் ‘இது ஹார்மோன் மீனா?’ என்று தயங்குபவரும், ‘வளர்ச்சி ஹார்மோன் கலந்தது’ என்று சொல்லிப் பண்ணைக்காரரிடம் புட்டி விற்பவரும் இந்த மூன்றையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் மீன் வாங்குபவருக்கு வீண் பயம், பண்ணைக்காரருக்கு வீண் செலவு.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆற்றில் வெள்ளம் வந்தால்தான் கட்லா, ரோகு போன்ற நம் நாட்டுப் பெருங்கெண்டைகள் முட்டையிடும். தேங்கிய குளத்தில் சினை முற்றினாலும் முட்டை வெளியே வராது. ஒடிசாவின் அங்குலில் 1957 ஜூலை 10 அன்று, மீனின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு ஹிராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் கெண்டையை முட்டையிட வைத்தார்கள். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம். இப்போது அந்தச் சாற்றுக்குப் பதிலாக ஓவாப்ரிம் போன்ற ஆயத்த மருந்தை, பெண் மீனுக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 0.3 முதல் 0.5 மில்லி வரை போடுகிறார்கள். இந்த ஊசி தாய்மீனுக்கு ஒருமுறை போடுவது. பிறக்கும் குஞ்சின் வளர்ச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இனி உண்மையான வளர்ச்சி ஹார்மோன். இதுவும் அதே பிட்யூட்டரியில்தான் சுரக்கிறது. மீன்களில் இது 190 அமினோ அமிலங்களுக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள ஒரு புரதம். இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய், அங்கே ‘ஐஜிஎஃப்-1’ என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்க வைக்கிறது. எலும்பையும் தசையையும் பெருக்கும் வேலையில் பெரும்பகுதியை இந்த இரண்டாவது ஆள்தான் செய்கிறது. பசியைக் கூட்டுவது, உண்ட புரதத்தை எரிக்காமல் தசையாக்குவது, கொழுப்பைக் கரைத்து ஆற்றலாக்குவது ஆகியவையும் வளர்ச்சி ஹார்மோனின் வேலைகள். சால்மன் குஞ்சு ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் பருவத்தில் உப்புநீரைத் தாங்கும்படி அதன் செவுள்களைப் பழக்குவதிலும் இதற்குப் பங்கு உண்டு.

ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பட்டினி கிடக்கும் மீனின் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறைவதில்லை, பெரும்பாலும் கூடுகிறது. ஆனால் கல்லீரல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை, ஐஜிஎஃப்-1 இறங்கிவிடுகிறது. இருக்கும் கொழுப்பைக் கரைத்து உயிரைக் காக்கத்தான் அப்போது அந்த ஹார்மோன் பயன்படுகிறது. ஆகவே தீவனம் போதாத குளத்தில் வெளியிலிருந்து எவ்வளவு ஹார்மோன் கொடுத்தாலும் மீன் வளராது. புரதம் குறைந்த தீவனத்தையும் காலையில் ஆக்சிஜன் இறங்கும் தண்ணீரையும் சரிசெய்யாமல் ‘ஊக்கி’ தேடுவது இந்த அடிப்படையிலேயே தவறு.

வளர்ச்சி ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால் மீன் வளரும் என்பதில் சந்தேகம் இல்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கிரேஸ் பிக்ஃபோர்ட் 1950களிலேயே இதைக் காட்டிவிட்டார். பிட்யூட்டரியை அறுத்தெடுத்த சிறு கில்லி மீன்கள் வளராமல் நின்றன. பிரித்தெடுத்த மீன் ஹார்மோனை ஊசியாகப் போட்டதும் மீண்டும் வளர்ந்தன. சிக்கல், சரக்கு கிடைப்பதில் இருந்தது. ஒரு மீனின் பிட்யூட்டரி கடுகளவு. சில கிராம் ஹார்மோனுக்கு மலைபோல் மீன் தலைகள் வேண்டும். மாட்டு ஹார்மோனைச் சால்மனுக்குப் போட்டுப் பார்த்ததிலும் நல்ல வளர்ச்சி கிடைத்தது. 1985இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சம் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை ஈ-கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, பாக்டீரியாவையே ஹார்மோன் செய்ய வைத்தார்கள். சரக்குப் பஞ்சம் தீர்ந்தது. ரெயின்போ ட்ரவுட் போன்ற மீன்களில் வாரம் ஒருமுறை ஊசி போட்ட சோதனைகளில், ஊசி போடாதவற்றைவிடத் தெளிவாகக் கூடுதல் எடை ஏறியது.

ஆனால் ஒரு பண்ணையின் கணக்கு வேறு. ஒரு லட்சம் குஞ்சு, ஒவ்வொன்றும் ஒரு கிராமுக்கும் கீழே. அவற்றை வாரந்தோறும் பிடித்து மயக்கி ஊசி போட முடியாது; பிடிக்கும்போதே செதில் உரிந்து பூஞ்சை பிடித்துச் சாகும். மாடுகளுக்குப் பால் கூட்டப் போடும், மெல்லக் கரையும் எண்ணெய் ஊசியைக் கெளுத்தியிலும் திலேப்பியாவிலும் சோதித்தார்கள். பலன் இருந்தது, ஆனாலும் மீன் மீனாகப் பிடித்தாக வேண்டும்.

அடுத்த வழி, ஹார்மோன் கரைத்த தண்ணீரில் குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் முக்கி எடுப்பது. புரதம் பெரிய மூலக்கூறு. செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் எளிதில் நுழையாது. அதற்காகக் குஞ்சுகளை முதலில் அடர்ந்த உப்புநீரில் சில நிமிடம் வைத்து உடல்நீரை இழக்கவிட்டு, பிறகு ஹார்மோன் தண்ணீருக்கு மாற்றினார்கள். உலர்ந்த உடல் தண்ணீரை இழுக்கும்போது ஹார்மோனும் கூடவே உள்ளே போகும் என்பது எண்ணம். சிறு சால்மன் குஞ்சுகளில் இது பலித்தது. ஆனால் உப்பின் அளவோ நேரமோ கொஞ்சம் மீறினால் குஞ்சு செத்துவிடும். உள்ளே போவது மிகச் சொற்பம். மிச்ச ஹார்மோன் தொட்டித் தண்ணீரோடு வீணாகிறது.

மூன்றாவது, தீவனத்தில் கலப்பது. வயிறு என்ற உறுப்பு முழுதாக உருவாகாத முதல் சில நாள்களில் குஞ்சின் பின்குடல் புரதத்தைச் செரிக்காமல் அப்படியே விழுங்க வல்லது. அந்தக் குறுகிய காலம் போனபின் வயிற்று அமிலமும் நொதிகளும் ஹார்மோனைச் சாதாரணப் புரதம்போல் துண்டு துண்டாக்கிவிடும். அமிலம் தாங்கும் பூச்சு கொடுத்தால் ஒரு பகுதி தப்பும்; ஆனால் ஊசியில் போடுவதைப்போல் பல மடங்கு அளவு தேவைப்படும். பாக்டீரியாவுக்குள் உருவாகும் ஹார்மோன் பெரும்பாலும் கட்டி கட்டியாகத் திரண்டு நிற்பது இன்னொரு தொல்லை. அதைக் கரைத்துச் சரியான வடிவில் மடக்கி எடுப்பதற்குள் செலவு ஏறிவிடும். கியூபாவில், ஹவானாவின் மரபணுப் பொறியியல் மற்றும் உயிர்த்தொழில்நுட்ப மையத்தினர் இதைச் சுற்றிப்போக ஒரு வழி கண்டார்கள். திலேப்பியாவின் ஹார்மோனை ஈஸ்ட்டில் உற்பத்தி செய்து, சுத்திகரிக்காத சாற்றையே குஞ்சுகளுக்குக் குளியலாகக் கொடுத்து வளர்ச்சியைக் காட்டினார்கள். குறைந்த செலவில் செய்யக்கூடிய முயற்சிகளில் மதிக்கத்தக்கது இது.

இதிலிருந்து பண்ணைக்காரருக்கு ஒரு நேரடிச் சோதனை கிடைக்கிறது. புரத ஹார்மோன் குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய பொருள். தீவன ஆலையில் மிதவைத் தீவனம் 100 டிகிரிக்கு மேல் சூடேறி வெளிவருகிறது. அந்தச் சூட்டில் எந்தப் புரத ஹார்மோனும் மிஞ்சாது. கடையில் வெயிலில் அடுக்கியிருக்கும் பொட்டலத்திலும் அப்படியே. ‘வளர்ச்சி ஹார்மோன்’ என்று சொல்லி விற்கும் பொட்டலத்துக்குள் பெரும்பாலும் இருப்பவை வைட்டமின், தாது உப்பு, ஈஸ்ட், நொதிகள். அவற்றுக்கும் பயன் உண்டு. ஆனால் அவற்றின் விலைக்குத்தான் அவற்றை வாங்க வேண்டும். உள்ளடக்கம் அச்சிடாத பொட்டலத்தை வாங்கவே கூடாது. அதில் தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாட்டிக் இருந்தால் மீன் முழுவதும் விற்க முடியாமல் போகும்.

வெளியிலிருந்து கொடுப்பது கடினம் என்றதும் ஆய்வாளர்கள் மரபணுவையே முட்டைக்குள் வைக்கத் தொடங்கினார்கள். சீனாவின் வூஹானில் ஜு ஸுவோயான் குழுவினர் 1985இல் தங்கமீனில் மனித வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் செலுத்தினர். 1989இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அட்லாண்டிக் சால்மனின் முட்டைக்குள் சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணு வைக்கப்பட்டது. அதை இயக்கும் விசையாக, உறைகுளிரில் வாழும் ஓஷன் பவுட் என்ற மீனின் மரபணுத் துண்டு. சாதாரணச் சால்மனில் குளிர்காலத்தில் ஹார்மோன் அடங்கிவிடும். இதில் ஆண்டு முழுவதும் சுரக்கும். விற்பனை எடைக்கு மூன்றாண்டு வரை ஆவது பாதியாகக் குறைந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015 நவம்பரில் அனுமதித்தது. உணவாக அனுமதி பெற்ற முதல் மரபணு மாற்ற விலங்கு இதுதான். தப்பித்தாலும் பெருகாதபடி மலட்டுப் பெண் மீன்களாக, நிலத்துத் தொட்டிகளில் வளர்த்தார்கள். சந்தை எதிர்ப்பும் கட்டுமானச் செலவும் சேர, இந்தச் சால்மனை வளர்த்து விற்ற அக்வாபவுண்டி நிறுவனம் 2024 டிசம்பரில் பணத் தட்டுப்பாட்டால் மீன் வளர்ப்பையே நிறுத்துவதாக அறிவித்தது.

அந்த ஆய்வுகளில் கோழிப்பண்ணையோ மீன்பண்ணையோ எதை நடத்துபவரும் தெரிந்துகொள்ள வேண்டிய முடிவு ஒன்று உண்டு. கூடுதல் ஹார்மோன் மரபணு பெற்ற கோஹோ சால்மன்கள் சராசரியாக 11 மடங்கு எடைக்கு வளர்ந்ததாக 1994இல் கனடாவிலிருந்து வெளிவந்தது. மிக வேகமாக வளர்ந்தவற்றில் மண்டையோட்டு எலும்பு கோணியது. பின்னர் ட்ரவுட்டில் செய்து பார்த்தபோது, காட்டு இனத்தில் பெரிய பாய்ச்சல் கிடைத்தது. பல தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்த்த பண்ணை இனத்திலோ அதே மரபணு பெரிதாக எதையும் கூட்டவில்லை. தேர்வு இனப்பெருக்கம் அந்த வாய்ப்பை முன்பே பயன்படுத்திக்கொண்டுவிட்டது என்பதே பொருள். பிலிப்பைன்ஸில் 1988இல் தொடங்கி உருவாக்கிய ‘கிஃப்ட்’ திலேப்பியா இதற்குச் சாட்சி. மரபணு மாற்றம் எதுவும் இல்லை. எட்டு இடங்களிலிருந்து கொண்டுவந்த நைல் திலேப்பியாக்களைக் கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் நன்றாக வளர்ந்த குடும்பங்களைத் தேர்ந்தார்கள். தலைமுறைக்குச் சுமார் 10 முதல் 15 சதவீதம் வளர்ச்சி கூடியது. ஊசிக்கும் குளியலுக்கும் செலவழித்த பணம் இந்தத் திசையில் போயிருந்தால் சிறு பண்ணையாளர்களுக்கு எப்போதோ பலன் கிடைத்திருக்கும்.

இனி இரண்டாவது ஹார்மோன். திலேப்பியா குஞ்சுக்கு உலகெங்கும் உண்மையில் கொடுப்பது இதுதான்: 17-ஆல்ஃபா மெத்தில் டெஸ்டோஸ்டீரோன், சுருக்கமாக எம்டி. இது புரதம் அல்ல, ஸ்டீராய்டு. வயிற்றில் அழியாது, ஆல்கஹாலில் கரையும், தீவனத்தோடு குடல் வழியே உள்ளே போகும். இதன் வேலை மீனை வளர்ப்பது அன்று, எல்லாக் குஞ்சுகளையும் ஆணாக்குவது.

ஆண் ஏன் வேண்டும்? திலேப்பியாப் பெண் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காக்கும். அந்த நாள்களில் தின்னாது. கக்கிவிட்ட சில வாரத்தில் மறுபடி சினை. தின்றதெல்லாம் முட்டையாகப் போகும். அதைவிடப் பெரிய கேடு, குளம் குஞ்சுகளால் நிறைவது. 10,000 மீன் விட்ட குளத்தில் 5 சதவீதம் பெண் இருந்தாலே 500 பெண்கள். ஒவ்வொன்றும் ஒரு ஈட்டில் சில நூறு குஞ்சு. நாம் போடும் தீவனத்தில் அவையும் பங்குக்கு வரும். 1952இல் இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் ஜிலேபி நம் ஏரிகளில் கையளவுக்கு மேல் போகாமல் நின்றதற்குக் காரணம் இந்தப் பெருக்கம்தான்.

முட்டையிலிருந்து வெளிவரும்போது குஞ்சின் பாலுறுப்பு இன்னும் எதுவாகவும் முடிவாகியிருக்காது. மஞ்சள்கரு கரைந்து இரை எடுக்கத் தொடங்கும் நாளிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்குள் முடிவாகும். அந்தக் காலச் சாளரத்தில் ஆண் ஹார்மோன் இருந்தால், பெண் குரோமோசோம் உள்ள குஞ்சும் விந்தகத்தோடு வளரும். குரோமோசோம் மாறாது, உறுப்பு மட்டும் மாறும். ஆகவே எல்லாமே குஞ்சின் வயதையும் அளவையும் பொறுத்தது. 9 முதல் 11 மில்லிமீட்டர் நீளமே சரியான தொடக்கம். 14 மில்லிமீட்டரைத் தாண்டிய குஞ்சைச் சேர்த்தால் அதற்குள் பெண்ணாகிவிட்டவை தப்பிவிடும். குளத்தோரம் வலை வீசிப் பிடித்த கலப்புக் குஞ்சுகளில் இதனால்தான் ஆண் விகிதம் எண்பது சதவீதத்தோடு நிற்கிறது. தாயின் வாயிலிருந்து வாரம் ஒருமுறை முட்டையை எடுத்து ஜாடியில் பொரிக்க வைப்பவர்களுக்கு ஒரே வயதுக் குஞ்சு கிடைக்கும், 98 சதவீதத்துக்கு மேலும் எட்டும்.

அளவு, ஒரு கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம். 6 கிராம் எம்டியை ஒரு லிட்டர் 95 சதவீத எத்தனாலில் கரைத்தால் மில்லிக்கு 6 மி.கி. கொண்ட தாய்க்கரைசல் கிடைக்கும். பழுப்புப் புட்டியில், குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். வெளிச்சமும் சூடும் அதைக் கெடுக்கும். அதிலிருந்து 10 மில்லி எடுத்து, மேலும் எத்தனால் சேர்த்துச் சுமார் 240 மில்லியாக்கி, ஒரு கிலோ மாவுத் தீவனத்தில் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசிறிக் கலக்க வேண்டும். நேராக 10 மில்லியை ஊற்றினால் ஒரு மூலையில் தங்கிவிடும். சில குஞ்சு இருமடங்கு தின்னும், சில ஒன்றுமே தின்னாது. பிசிறிய தீவனத்தை நிழலில் மெல்லிய பரப்பாகப் பரப்பி, கிளறிக் கிளறி எத்தனால் வாடை அடியோடு போகும்வரை காயவைக்க வேண்டும். வாடை மிஞ்சினால் குஞ்சு வாய்வைக்காது. இந்தத் தீவனம் 40 சதவீதம் அளவில் புரதமுள்ளதாக, சல்லடையில் அரை மில்லிமீட்டருக்குச் சலித்ததாக இருக்கட்டும். கருவாட்டுத் தூள் சிக்கு வாடை அடித்தால் தள்ளிவிட வேண்டும்.

தாய்லாந்தின் ஆசியத் தொழில்நுட்ப நிறுவனம் பரப்பிய முறைப்படி, முதல் 5 நாள் உடல் எடையில் 30 சதவீதம், அடுத்த 5 நாள் 25, அடுத்த 5 நாள் 20, பிறகு 21ஆம் நாள்வரை 15. நாளுக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். ஒரு வேளை தவறினால் உடலில் ஹார்மோன் இறங்கிவிடும். விடுமுறை நாளில் தீவனம் போட ஆளில்லாத பொரிப்பகத்தில் ஆண் விகிதம் சரிவதை இதனால்தான் பார்க்கிறோம். தண்ணீர் 26 டிகிரிக்குக் கீழே போனால் குஞ்சு குறைவாகத் தின்னும், வளர்ச்சி மெதுவாகும். 21 நாள் போதாமல் 28 ஆக நீட்ட வேண்டியிருக்கும். பச்சைத் தண்ணீரில் கட்டிய ஹாப்பாவில் (குஞ்சு வளர்க்கும் வலைத்தொட்டி) இன்னொரு சிக்கல்: குஞ்சு பாசியையும் நுண்ணுயிரையும் தின்று வயிறு நிரப்பிக்கொள்ளும், மருந்துத் தீவனம் பாதிதான் உள்ளே போகும். 30 சதவீதத் தீவனம் மிஞ்சி வலைக்கண்ணை அடைக்கும். இரண்டு நாளுக்கொருமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் விடியற்காலை ஆக்சிஜன் இன்றிக் குஞ்சு செத்துக் கிடக்கும். ‘ரெண்டு பங்கு போட்டா எல்லாம் ஆணாகும்’ என்று அளவை ஏற்றுவதும் தவறு. மிகை ஹார்மோனை மீனின் உடல் பெண் ஹார்மோனாக மாற்றிக்கொள்ளக்கூடும். பெண்களும் மலடுகளும் கூடுவது உண்டு.

மருந்தைக் கையாளும் ஆள்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இது தோல்வழி ஏறும் ஸ்டீராய்டு. வெறுங்கையால் பிசிறுவதைப் பல இடங்களில் பார்க்கலாம், அது கூடாது. கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். கருவுற்ற பெண்களை இந்த வேலையில் நிறுத்தவே கூடாது. எத்தனால் ஆவி தீப்பிடிக்கும். காற்றோட்டமான இடம் வேண்டும்.

தின்பவருக்கு என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 21 நாளில் ஒரு குஞ்சு ஏறக்குறைய 0.4 கிராம் தீவனம் தின்கிறது என்று வைத்தால், உள்ளே போகும் எம்டி 24 மைக்ரோகிராம். ஒரு லட்சம் குஞ்சுக்கே மொத்தம் 2.4 கிராம் தூள்தான். ஐந்தாறு மாதம் கழித்து அந்த மீன் 500 கிராமாகும்போது, ஒரு துளியும் வெளியேறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் 100 கிராம் கறியில் 5 மைக்ரோகிராம் இருக்கும். மருத்துவத்தில் இதே பொருள் மாத்திரையாக 10 மில்லிகிராமிலிருந்து தொடங்குகிறது, அதாவது 2,000 மடங்கு. நிஜத்திலோ மருந்துத் தீவனம் நின்ற சில நாள்களிலேயே மீன் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறது. வளர்ச்சிக்காக ஹார்மோன் கொடுப்பதை முழுவதுமாகத் தடைசெய்துள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996ஆம் ஆண்டுச் சட்டமே, முதல் மூன்று மாதத்துக்குள் மீன்குஞ்சின் பாலினத்தை மாற்ற ஆண் ஹார்மோன் கொடுப்பதை விதிவிலக்காக அனுமதிக்கிறது. ஆகவே தட்டில் இருக்கும் மீனைக் கண்டு பயப்படக் காரணம் இல்லை.

கவலைப்பட வேண்டியது பொரிப்பகத்தின் கழிவுநீரைப் பற்றித்தான். தின்னாமல் மிஞ்சிய தீவனத்திலிருந்து கசியும் எம்டி தண்ணீரில் விரைவாகக் குறைந்தாலும், அடிச்சேற்றில் வாரக்கணக்கில் தங்குகிறது. அதே குளத்தில் ஆண்டு முழுவதும் தொகுதி தொகுதியாகக் குஞ்சு விடும் இடத்தில் அது சேர்ந்துகொண்டே போகும். அந்தத் தண்ணீர் நேராக ஓடைக்குப் போனால் அங்கே பொரிக்கும் நாட்டு மீன்களின் குஞ்சுகளும் அதே சாளரத்தில்தான் இருக்கின்றன. ஆகவே ஹாப்பாவைக் குளத்தில் கட்டாமல் சிமெண்ட் தொட்டியில் வைத்து, சேற்றைத் தனியே வாரி, தண்ணீரைச் சில வாரம் வெயில்படும் குட்டையில் நிறுத்தியபின் விடுவதே முறை. இந்தக் குட்டைக்கு இடம் ஒதுக்காத பொரிப்பகத்துக்கு உரிமம் கொடுக்கக் கூடாது.

ஹார்மோன் குஞ்சுக்கே போகாத வழியும் இருக்கிறது. ஆணாக்கும் ‘ஒய்’ குரோமோசோமே இரண்டு கொண்ட ‘ஒய்ஒய்’ ஆண்களைத் தாய்ப்பண்ணையில் உருவாக்கி வைத்துக்கொண்டால், சாதாரணப் பெண்ணோடு சேரும்போது பிறப்பவை ஏறக்குறைய எல்லாமே ஆண். பிரிட்டனின் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தினர் பிலிப்பைன்ஸில் இதைச் செய்துகாட்டினார்கள். ஆனால் அந்த ஒய்ஒய் மீனை உருவாக்க இரண்டு மூன்று தலைமுறையும் ஒவ்வொரு மீனுக்கும் சந்ததிச் சோதனையும் வேண்டும். சிறு பொரிப்பகத்தால் தனியே முடியாது. அரசுத் தாய்ப்பண்ணைகள் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

குஞ்சு வாங்குபவர் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. ஐந்தாறு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்த 100 குஞ்சைக் கண்டபடி எடுத்து, வயிற்றைப் பிளந்து முதுகெலும்பை ஒட்டியுள்ள இழைபோன்ற பாலுறுப்பை வாரி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு அசிட்டோகார்மைன் சாயம் விட்டு நசுக்கி உருப்பெருக்கியில் பார்த்தால் போதும். வட்ட வட்டமாக முட்டை உயிரணுக்கள் தெரிந்தால் பெண். மணல்போல் நுண்மணிகள் தெரிந்தால் ஆண். நூற்றில் ஐந்துக்கு மேல் பெண் வந்தால் அந்தத் தொகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.